அளவுகோலுக்கு அடங்காத அறிவு

1905-இல் பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே, தியோடோர் சைமன் ஆகியோர் படிப்படியாகக் கடினமாகும் 30 அறிவுச் சோதனைகளை வகுத்தனர். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிப்பயிற்சி அளிப்பதே நோக்கம். அறிவு என்றும் மாறாத அளவினது என்னும் கருத்தைப் பினே 1909-இல் மறுத்தார்.

தேர்ந்த உளவியலார் ஒரே எண்ணைக் கொண்டு முடிவு கூறுவதில்லை. வாசிப்பு, நினைவு, கவனம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்து, பெற்றோரையும் ஆசிரியரையும் வினவுகின்றனர். மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியலும் மேலாய்வுக்கு வழிகாட்டுமேயன்றி, அதுவே நோயை உறுதி செய்யாது.

ஒரு நயத்தால் மட்டும் பொருளை முடிவு கட்டலாகாது என்பது நமது அநேகாந்தம். ஞானம் உயிரின் இயல்பு; ஞானாவரணீய கர்மம் அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. ஆதலின், மதிப்பெண் குறைந்த குழந்தையை ‘மந்தம்’ என்று நாம் இகழாதிருப்போம். தக்க சோதனையால் இடர்ப்பாட்டை அறிந்து, துணை நிற்போம்.