பாட்டிக்குக் காய்ச்சல் இல்லை என்றாலும்

அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இதை நிதானமாகப் படி.

சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ கால் புண்ணிலோ இருக்கும் கிருமி சில சமயம் ரத்தத்தில் கலந்துவிடும். அந்தத் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்கினால் அதுதான் செப்சிஸ். 2017-இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இதனால் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. முதியவர்களின் ரத்தத்தில் அடிக்கடி அகப்படுவது ஈ.கோலை. குடலில் சாதுவாக இருக்கும் இந்தக் கிருமி சிறுநீர்ப் பாதை வழியாக ரத்தத்துக்குள் ஏறிவிடுகிறது.

உன் வயதில் என்றால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கொதிக்கும், வீடே பதறும். வயதானவர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது. சிலருக்கு உடம்பு சில்லிட்டும் போகும். நேற்றுவரை சீரியல் கதையை ஒன்றுவிடாமல் சொன்ன பாட்டி, இன்று என்ன கிழமை என்று தெரியாமல் விழிப்பார். உன்னை உன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காபியை ஆறவிட்டுத் தூங்கிக்கொண்டே இருப்பார். "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்பார்கள் வீட்டில். என்னைக் கேட்டால், இந்தப் பேச்சால் போன உயிர்கள் ஏராளம். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில் புத்தி தடுமாறினால் உடனே காரணம் தேட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார். குழப்பத்தோடு மூச்சும் நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் போனால் அபாயம். காலையிலிருந்து சிறுநீர் போனாரா என்றும் கேள்; போகவில்லை என்றால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

மருந்துக்கடை மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே. ரத்த அழுத்தம் சரிந்துவிட்ட செப்சிஸ் நோயாளிகளைப் பற்றி 2006-இல் வந்த ஓர் ஆய்வில், உரிய ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்திருந்தது. அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய ஆன்டிபயாடிக்கையும் தொடாதே. அதைக் கொடுத்துவிட்டால் பிறகு ரத்தத்தில் கிருமியைத் தேடும் கல்ச்சர் பரிசோதனையில் அது சிக்காமல் போகலாம்.

நள்ளிரவானாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. டாக்டரிடம் முதலில், "நேற்று நன்றாகப் பேசினார், இன்று குழம்புகிறார்" என்று சொல். பாட்டியை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்; நேற்று எப்படி இருந்தார் என்பது உனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்