ஓங்கிலும் ஆவுளியாவும்

கடலில் வாழ்வன யாவும் மீனே எனக் கொள்வது நம்மிற் பலரது வழக்கம். ஆயினும் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வாழும் ஓங்கிலும் ஆவுளியாவும் மீன்கள் அல்ல. இவை குட்டி ஈன்று பாலூட்டுவன. நுரையீரலால் மூச்சு விடுவன. முன்னதை டால்பின் என்றும் பின்னதைக் கடற்பசு என்றும் நூல்கள் குறிக்கும். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்தில் இருந்துகொண்டு, இப்பெயர்களின் பொருத்தத்தை ஆராயாது விடுதல் முறையன்று.

ஓங்கில் வேட்டையாடி உண்பது. அதன் கூம்பு வடிவப் பற்கள் இரையைப் பற்றுவதற்கே பயன்படும், மெல்லுவதற்கு அல்ல. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே மீன் இருக்கும் இடத்தை அறியும். ஆவுளியாவோ மேய்வது. கீழ்நோக்கிய வாயால் கடற்புல்லை வேரோடு பிடுங்கி, நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ வரை உண்ணும்.

எனவே 'பசு' என்னும் பெயர் ஆவுளியாவுக்கு வாய்த்தது. ஆனால் குலமுறையில் பசுவுக்கு நெருங்கியது ஓங்கிலே! நீர்யானை, பசு, மான் முதலிய இரட்டைக் குளம்பிகளின் மூதாதையர் வழியில் வந்தது அது. புல்லே தின்னாத ஓங்கிலுக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பை இருப்பது அதனாலன்றோ? ஆவுளியாவின் உறவு யானை. இரண்டிற்கும் முலைகள் முன்புறத்தே அமைந்துள்ளன. ஆண் ஆவுளியாவின் கொம்பும், யானையின் தந்தம் போலவே, நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். மேய்ந்த புல்லும் பசுவிற்போல் இரைப்பையில் அன்றி, யானையிற்போல் குடலின் பிற்பகுதியிலேயே செரிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கங்காருவை இங்கு ஒப்பு நோக்கலாம். வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் அதற்கும் பசுவுக்கும் நெருங்கிய உறவில்லை. எனினும் மேய்ந்து வாழ்வதால், பசுவிற்போல் அதன் இரைப்பையிலும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்கச் செய்கின்றன. ஓங்கிலின் இரைப்பை குலத்தைக் காட்ட, கங்காருவின் இரைப்பை தொழிலைக் காட்டுகிறது. கடற்பசு என்பதும் தொழிலால் வந்த பெயரே. கடலோர மக்கள் வழங்கும் ஆவுளியா என்பதையே நாம் மேற்கொள்வது நன்று.

வலையிற் சிக்கினால் மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் இரண்டுமே மடியும். ஆவுளியாவுக்கோ மேலும் ஓர் இடர்: கடற்புல் அழியின் அதற்கு வேறு மேய்ச்சல் இல்லை. சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. மறு ஈற்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு வரை ஆகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை, வலையை அறுத்தும் உயிருடன் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துள்ளது.