கொற்கையைத் தோண்டிய அயர்லாந்துப் பாதிரியார்

விருதுநகர்

அன்பு மருமகள் செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டும், நம் பட்டாசு ஊர்களின் கதையை எழுத வேண்டும் என்ற உன் ஆசையைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. வீட்டில் பி.காம். சேரச் சொல்வதாக அம்மா போனில் சொன்னாள். அதை நான் பேசிக்கொள்கிறேன். நீ எழுத உட்காருவதற்கு முன், இந்த வேலையை நம் மண்ணிலேயே செய்த ஒருவரைத் தெரிந்துகொள்.

ராபர்ட் கால்டுவெல் என்றால் உனக்கு மெரினா சிலையும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் நினைவுக்கு வரும். 1814 மே 7ஆம் தேதி அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில், கிளேடி என்ற சிற்றூரில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். டப்ளினில் ஓவியம் படித்தார். அதை விட்டுவிட்டுச் சமய ஊழியத்துக்கு வந்தார். 1838இல் சென்னையில் இறங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். தேரி மணலும் பனையுமாகக் கிடந்த இடையன்குடிதான் அதன்பின் அவருடைய ஊர். 1877இல் பிஷப் ஆனார். 1891இல் கொடைக்கானலில் இறந்தபோதும் உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அதைப் பற்றி உன் தமிழாசிரியர் நிறையச் சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது 1881இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட அவருடைய திருநெல்வேலி வரலாற்றைப் பற்றி. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் நம் சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அடக்கம். 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் நாம் பிரிந்தோம். ஆகவே அது நம் வரலாறும்தான். ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களையும் ராணுவக் குறிப்புகளையும் பெரிதும் நம்பியதால், பாளையக்காரர்கள் அந்தப் புத்தகத்தில் கலகக்காரர்களாகவே வருகிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

ஆனால் கொற்கைப் பகுதிக்கு வரும்போது மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். கிரேக்கர் எழுதிவைத்த முத்துத் துறைமுகம் இதுதானா என்ற கேள்வி அவரை விடவில்லை. கடலோ சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1876இல் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். குழியிலிருந்து கடல் சிப்பிகள் வந்தன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கரையைக் கிழக்கே தள்ளியிருக்கிறது என்று புரிந்துகொண்டார். மார்க்கோ போலோ சொன்ன காயல் எது என்று தேடிப் பழையகாயல் பக்கம் போனார். வெட்டவெளியில் சீனப் பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கினார். கண்டதை ஹென்றி யூலுக்கு எழுதியனுப்ப, யூல் தம்முடைய மார்க்கோ போலோ நூலில் அதைச் சேர்த்துக்கொண்டார். சம்பளத்துக்கு வேறு வேலை இருக்கிற ஒரு பாதிரியார், ஒரு சில்லுக்காக வெயிலில் நடந்த நடையை நினைத்துப் பார். அதை அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்.

எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு. 1849இல், தம்மைச் சுற்றி வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றி, இன்று நாடார் என்கிறோமே அவர்களைப் பற்றி, ஒரு சிறுநூல் எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், அறிவிலும் நாகரிகத்திலும் மிகத் தாழ்ந்தவர்கள் என்று அதில் எழுதிவிட்டார். மிஷனுக்கு உதவும் சீமைக்காரர்கள் படிக்க அது லண்டனிலும் அச்சானது. மிஷன் பள்ளிகளில் இங்கிலீஷ் படித்த அந்த மக்களின் பிள்ளைகளே பிறகு அதைக் கையில் எடுத்துப் படித்தார்கள். கொதித்துப் போனார்கள். 1883இல் சாமுவேல் சற்குணர் மறுப்பாகத் தனி நூலே எழுதினார். மனுக்கள் பறந்தன. இங்கே விருதுநகரில் 1889இல் நாடார் சமூகத்தார் தொடங்கிய பள்ளிக்கு, காமராஜர் படித்த அந்தப் பள்ளிக்கு, சத்திரிய வித்யாசாலை என்று பெயர் வைத்தது, நாங்கள் சத்திரியர் என்று அவர்கள் பதில் சொன்ன அந்த வாதம் சூடாக நடந்த காலத்தில்தான். யார் எந்தக் குலம் என்பது அன்று வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. கோயிலுக்குள் போகலாமா கூடாதா என்பது அதை வைத்துத்தான் முடிவானது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அரசு ஏடுகளில் நாடார் என்ற பெயர் ஏற 1921 ஆயிற்று.

சத்திரியர் என்ற பதிலுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை நீயே படித்து எடைபோடு. பதில் சொன்னவர்களின் வலி நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால்டுவெல் இடையன்குடியில் கிணறு வெட்டினார், பள்ளி வைத்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவு பாசம் இருந்தும், கொற்கை மண்ணிடம் காட்டிய பொறுமையைப் பக்கத்து வீட்டு மனிதரிடம் அவர் காட்டவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது. பின்னாளில் அவரே அந்தச் சிறுநூல் பரவாமல் நிறுத்திக்கொண்டார். அதற்குள் சொல் பரவிவிட்டது.

இனி உன் வேலைக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பட்டாசு செய்கிற உன் அத்தையின் விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது, அலுமினியப் பொடி படிந்த கையை எப்படிக் கழுவுகிறாள், விபத்துச் சத்தம் கேட்டால் முதலில் யாருக்கு போன் போடுகிறாள், இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. எழுதியதை யாரிடமும் காட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டு. “இது இப்படி இல்லை தாயி” என்று அவள் சொல்கிற இடத்தில் அடித்துவிட்டு மறுபடி கேள். மருந்து கலக்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்காதே. அந்த வேலையைப் பற்றி ஃபோர்மேனிடம் வெளியே நின்று கேட்டால் போதும்.

பரீட்சை முடிவு வருவதற்குள் ஒருநாள் இடையன்குடி போய் வரலாம். திருநெல்வேலி போய் அங்கிருந்து திசையன்விளை வழியாகப் போக வேண்டும். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. திரும்பும்போது நேரம் இருந்தால் ஏரல் பக்கம் சுற்றிக் கொற்கையையும் பார்த்துவிடலாம். அத்தையிடம் கேட்டு எழுதிய நோட்டை மறக்காமல் எடுத்து வா, பஸ்ஸில் படிக்கிறேன்.

அன்புடன்,
மாமா