காற்றைப் பார்த்து ட்ரோன் வாங்குங்கள்

ட்ரோன் வாங்கப் போகிற தம்பிமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எதில் கமரா நல்லம்?" ஹல்துமுல்லையில் இருந்துகொண்டு அதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். 4கே வீடியோ இன்று விற்கிற அநேகமான ட்ரோனில் இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பெரகலையில் அடிக்கிற காற்றை எல்லா ட்ரோனும் தாங்காது.

எங்கள் ஸ்டூடியோவுக்கு முதலில் வாங்கியது டிஜேஐ மெவிக் மினி. கொழும்பில் ஒரு கடை. கடைக்காரர் வாய்க்கு வாய் சொன்னது 249 கிராம் என்ற கணக்கை. "250க்குக் கீழே என்றால் பதிவு வேண்டாம், கரைச்சல் இல்லை." ஸ்டூடியோவில் பங்காளியான என் மச்சான் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். பாரமானதை எடுப்போம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். விலையைச் சொல்லி என் வாயை அடைத்தார்கள். அந்த 250 கிராம் கணக்கு அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு உரியது. இலங்கையில் எல்லை 200 கிராம். அதைத் தாண்டினால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிந்தே ஆகவேண்டும். ஆக, பதிவு வேலையும் மிச்சமாகவில்லை, காற்றில் நிற்கிற பாரமும் கிடைக்கவில்லை.

மெவிக் மினி தாங்குவது செக்கனுக்கு 8 மீற்றர் காற்று, அதாவது மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீற்றர். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றுகிற ஜூலை, ஓகஸ்ட் மாதத்து வறண்ட காற்று மலை இடுக்கால் புகுந்து வரும்போது அந்தக் கணக்கு எந்த மூலைக்கு? அப்படியொரு நாளில் கல்யாண ஜோடியைப் பெரகலைக்கு மேலே தேயிலைச் சரிவில் நிறுத்திப் படம் எடுத்தோம். காற்று பின்னாலிருந்து தள்ள, ட்ரோன் பள்ளத்துப் பக்கம் சர்ரென்று போனது. திருப்பியபோது திரையில் தூரக் கணக்கு அசையவில்லை, பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சாதாரண மோடில் அதன் உச்ச வேகமும் செக்கனுக்கு 8 மீற்றர்தான். எதிர்க்காற்றும் அதே வேகம் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மச்சான் பதறிப்போய் 'ரிட்டர்ன் டு ஹோம்' பொத்தானை அழுத்தினார். எங்கள் ட்ரோனைக் கொண்டுபோனது அந்தப் பொத்தான்தான். அதை அழுத்தினால் ட்ரோன் முதலில் நாம் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறும். மேலே போகப் போகக் காற்று கூட. ஏறினது, பின்னால் தள்ளுப்பட்டது, படம் நின்றது. பொழுது சாயும் வரை சவுக்கு மரங்களுக்கிடையில் தேடியும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. அதை வாங்க எடுத்த லோன் மட்டும் மிஞ்சியது.

அந்த நேரம் செய்ய வேண்டியது இதுதான். திரும்பி வருகிற கட்டளையை ரத்துச் செய்து, ஸ்போர்ட் மோடுக்கு மாற்றுங்கள். மினிக்கே அதில் செக்கனுக்கு 13 மீற்றர் வேகம் கிடைக்கும். பிறகு தேயிலைக்குச் சற்று மேலே வரை இறக்குங்கள், நிலத்தை ஒட்டிக் காற்று குறைவு. அப்படியும் வரவில்லை என்றால் கண்ணுக்குத் தெரிகிற மலையில் இறக்கிவிடுங்கள். கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு அந்த மலையில் செடிக்குச் செடி தெரியும், தேடித் தருவார்கள். இன்னொன்று, உயரக் கணக்கு நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்துதான். ரோட்டோரம் நின்று ஏற்றிவிட்டு மேல் மலைக்கு அனுப்பினால், 60 மீற்றர் என்று காட்டும்போதே ட்ரோன் மரத்து நுனியை உரசும்.

இப்போது என் கையில் இருப்பது ஏர் 3. 720 கிராம், செக்கனுக்கு 12 மீற்றர் காற்று வரை நிற்கும். "கல்யாண வீடியோவுக்கு இவ்வளவு காசு எதற்கு?" என்று கேட்ட பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் காற்றுக் காலத்தில் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், எனக்கு வேலை இருக்கிறது. இதில் மூன்று மடங்கு கிட்டக் காட்டுகிற இரண்டாவது லென்ஸ் உண்டு. 263 மீற்றர் பம்பரகந்தை அருவியைச் சாரலுக்குள் போகாமல் எடுக்கலாம். தேர்த் திருவிழாவில் சனத்தின் தலைக்கு மேலே போகாமல் சாமி முகத்தை எடுக்கலாம். காசு போதாதென்றால் மினி 4 ப்ரோ எடுங்கள், அது 10.7 மீற்றர் வரை தாங்கும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. பதிவு, தோட்டத்துப் பெரிய துரையின் அனுமதி, பொலிஸுக்கு ஒரு சொல். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ட்ரோனுக்கே தடை போட்டார்கள். சத்தம் கேட்டால் ஆட்கள் இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். காலையிலேயே பறக்க விடுங்கள். பகலுக்குப் பிறகு பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறும், இந்த ட்ரோன்கள் ஈரம் தாங்காது.

மழைக்காலத்தில் எனக்கு வேறொரு வேலையும் வருகிறது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை லயங்களை மண் சரிந்து மூடிய பிறகு, மேல் மலையில் வெடிப்பு என்றால் எங்கள் சனத்துக்கு நித்திரை வராது. லயத்துக்கு மேலே போய்ப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. எடுத்த படத்தை அன்றைக்கே கிராம சேவகரிடம் கொடுத்துவிடுவேன். மழை விட்ட இடைவெளியிலும் அங்கே காற்று விடாது. அந்த நேரத்தில் பழைய மினியை வைத்துக்கொண்டு ஏற்றவா விடவா என்று நின்றிருந்தால், என்னைக் கூப்பிட்ட லயத்து அம்மாமாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?