நாற்பத்தெட்டு ஓட்டையா, இரண்டு பின்னா?



பெஞ்ச் மேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின் வாங்கியவர்கள் முதலில் ஒரு வைஸ் வாங்குவார்கள். அடுத்து அவர்கள் கண் போகும் இடம், டேபிள் மேல் பூட்டி ஜாப்பைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் பிளேட். வரிசை வரிசையாக மரை போட்ட ஓட்டைகளோடு பளபளக்கும் அலுமினியத் தகட்டைப் படத்தில் பார்த்தாலே கை துறுதுறுக்கும். ஆசையில் நியாயமும் உண்டு. ஷாங்காயில் சீக் நிறுவனம் செய்யும் எக்ஸ்2 ரக மெஷின் பல நாடுகளில் பல பெயர்களில் விற்கிறது. அதன் டேபிள் ஏறக்குறைய 390 மில்லி நீளம், 90 மில்லி அகலம். நாலு அங்குல வைஸை அதன் மேல் ஏற்றினால், அகலமான ஜாப் ஒன்றைப் பிடிக்க வழியே இருக்காது.

ஆனால் ஓட்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிளேட் வாங்குபவர்கள் தவறான பக்கத்தில் பணத்தைப் போடுகிறார்கள். மரை ஓட்டை பிடித்துக்கொள்ள மட்டும்தான் உதவும். அதை டி-ஸ்லாட்டே செய்துவிடும். பிளேட்டுக்காகச் செலவழிக்கும் காசு, கழற்றிய ஜாப்பை மறுபடி வைக்கும்போது அதே இடத்தில் உட்காரவைப்பதற்கு. அந்த வேலையைச் செய்பவை ரீமர் போட்ட ஓட்டைகளில் நிற்கும் இரண்டு டவல் பின்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 220 மில்லி நீள மைல்டு ஸ்டீல் பட்டையில் பாக்கெட் எடுக்க வேண்டும், ஐம்பது பீஸ். முதல் செட்டிங்கில் 200 மில்லி இடைவெளியில் இரண்டு 6 மில்லி ஓட்டைகளை ரீமர் போட்டு எடுத்தாயிற்று. இரண்டாவது செட்டிங்குக்குப் பிளேட்டில் இரண்டு பின் நிற்கிறது. ஒவ்வொரு பீஸையும் பின்னில் மாட்டி, இரண்டு கிளாம்ப் இறுக்கி ஓட்டினால் போதும். டயல் வைத்துத் தேட வேண்டியதில்லை, விளிம்பு தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. காலை முழுக்க வேலை சுகமாக ஓடும். மத்தியானம் பார்த்தால் பீஸ் பின்னில் இறங்காமல் அடம் பிடிக்கும்.

காரணம் சூடு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும். ஸ்டீல் 12 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. சித்திரை மாதப் பட்டறையில் காலைக்கும் மத்தியானத்துக்கும் 12 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 200 மில்லிக்குக் கணக்குப் போட்டால், பிளேட்டில் உள்ள பின்கள் ஸ்டீல் ஓட்டைகளைவிட 27 மைக்ரான் கூடுதலாக விலகியிருக்கும். பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே விட்டிருந்த இடம் அதில் போய்விடும். இதற்கு டூல் ரூம்காரர்களிடம் பழைய வைத்தியம் இருக்கிறது. ஒரு பின் முழு உருண்டை. மற்றது டைமண்ட் பின். இரண்டு பின்களையும் சேர்க்கும் கோட்டின் திசையில் அதன் இரு பக்கமும் தேய்க்கப்பட்டிருக்கும். நீளவாக்கில் பீஸ் தாராளமாக நகரலாம், பக்கவாட்டில் திரும்ப முடியாது. கடையில் கிடைக்காவிட்டால் சாதாரண டவல் பின்னை கிரைண்டரில் நிதானமாகத் தேய்த்தே செய்துகொள்ளலாம்.

பின் பிளேட்டில் இறுக்கமாகவும் ஜாப்பில் வழுக்கலாகவும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 6 மில்லி எம்6 டாலரன்ஸ் பின், பெயரளவைவிட 4 முதல் 12 மைக்ரான் தடித்திருக்கும். எச்7 ரீமர் ஓட்டை 0 முதல் 12 மைக்ரான் பெரிதாக இருக்கும். இந்த ஜோடி பிளேட்டுக்குச் சரி. லேசாகத் தட்டி இறக்கலாம். அதே ரீமரை ஜாப்பிலும் போட்டுவிட்டு, ஒவ்வொரு பீஸையும் சுத்தியால் தட்டி மாட்டி, நெம்பிக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஜாப் ஓட்டைக்கு இரண்டு பாயிண்ட் (0.02 மில்லி) பெரிய ரீமர் போடலாம். இல்லையென்றால் பின்னின் மேல் பாதியை லேத்தில் சுழலவிட்டு எமரி காட்டிக் குறைக்கலாம். அடிக்கடி பின்னைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் வெறும் அலுமினிய ஓட்டை தாங்காது, நாளடைவில் வாய் அகன்றுவிடும். கடினப்படுத்திய ட்ரில் புஷ் ஒன்றை அழுத்தி வைத்துவிடுவது நல்லது.

சரி, எந்த உலோகம்?

எல்லோரும் சொல்வது அலுமினியம். அதிலும் இரண்டு சாதி. உருட்டிச் செய்த 6061 அல்லது 6082 ஒன்று. நம் ஊர்க் கடைக்காரர்கள் 6082-ஐ இன்னும் எச்.இ. 30 என்ற பழைய பெயரில் சொல்வார்கள். மற்றது வார்த்தெடுத்து இருபுறமும் சீவி விற்கும் டூலிங் பிளேட். முன்பு அல்கோவாவின் பெயரில் வந்த மிக்-6 அதில் பெயர்பெற்றது. வார்ப்புத் தகட்டுக்கு உள்ளழுத்தம் மிகக் குறைவு. எத்தனை பாக்கெட் எடுத்தாலும் வாழையிலை மாதிரி வளையாது. ஆனால் பலம் கம்மி: 6061-டி6 சுமார் 276 மெகாபாஸ்கல் வரை தாங்கும் என்றால் மிக்-6 105-ஐ ஒட்டியே விட்டுக்கொடுத்துவிடும். அதில் நேராக எம்6 மரை போட்டு வருஷக்கணக்கில் இறுக்கினால் மரை கையோடு வந்துவிடும். ஹெலிகாயில் போட்டே ஆக வேண்டும். உருட்டிய தகடு வாங்குவதாக இருந்தால் டி6 என்பதோடு நிற்காமல் டி651 கேட்க வேண்டும். ஆலையிலேயே இழுத்து உள்ளழுத்தம் தணித்த சரக்கு அது.

யாரும் சொல்லாத மூன்றாவது வழி வார்ப்பிரும்பு. டேபிளும் அதே உலோகம் என்பதால் சூட்டில் இரண்டும் ஒன்றாக நீளும், அதிர்வையும் உள்வாங்கும். 300 மில்லி நீளம், 100 அகலம், 20 தடிமன் என்றால் அலுமினியத்தில் 1.6 கிலோ, வார்ப்பிரும்பில் 4.3 கிலோ, சின்ன மெஷினுக்கும் அது பாரமில்லை. பம்பு செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் கோயம்புத்தூர் மாதிரி ஊரில் இருப்பவர்கள் அலுமினியத்தைத் தேடி அலைவது கொஞ்சம் வேடிக்கைதான். ஊற்றிய தகட்டை 550 டிகிரி பக்கம் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டு, ரஃப் ஓட்டி, பிறகு பினிஷ் செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அலுமினியத்தோடு நிற்கலாம்.

தடிமனை முடிவு செய்யும் முன் ஸ்பிண்டிலை முழுதாக மேலே ஏற்றி, டேபிள் வரைக்கும் அளந்து பார். சின்ன மெஷினில் உயரம்தான் முதலில் தீரும். பிளேட் 20, ஜாப் 25. சாதாரண 8 மில்லி ட்ரில்லின் முழு நீளம் 117, அதில் 25 சக்குக்குள் போனாலும் வெளியே 92. சக்கு, ஆர்பர் எல்லாம் ஒரு 80. கூட்டினால் 217 மில்லி. மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் கட்டை ட்ரில்லுக்கும் காலெட்டுக்கும் மாற வேண்டும், அல்லது பிளேட்டை 16 மில்லிக்குக் குறைக்க வேண்டும். டேபிளைவிட அகலமாகப் போட நினைத்தால், Y அச்சைக் கடைசி வரை ஓட்டி, பின் விளிம்பு மெஷினின் தூணில் மோதாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

ரெடிமேடாக வாங்குவதில் தப்பில்லை. அமெரிக்காவின் ஷெர்லைன் தன் சின்ன மில்லுக்கென்றே பிளேட் விற்கிறது. ஒஹையோவின் சாண்டர்ஸ் மெஷின் ஒர்க்ஸ் டோர்மாக், ஹாஸ் மெஷின்களுக்குச் செய்கிறது. மரை எந்த அளவு என்று கேட்காமல் மட்டும் ஆர்டர் போடக்கூடாது. 10-32 என்ற அமெரிக்க அளவு மரை போல்ட்டைத் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். எம்6 ஆலன் போல்ட் எந்த ஊரிலும் கிடைக்கும்.

சொந்தமாகச் செய்பவர்கள் முதல் நாளே கட்டம் கட்டமாக ஓட்டை போட உட்கார்ந்துவிடுவார்கள். 25 மில்லி இடைவெளி வைத்தால் மேலே சொன்ன 300-க்கு 100 அளவில் 48 ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் சென்டர் ட்ரில், 5 மில்லி ட்ரில், வாய்க்குச் சாம்ஃபர், பிறகு எம்6 டேப். சி.என்.சி. இல்லாத மெஷினில் இது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அதில் முக்கால்வாசி ஓட்டை சில்லு சேரவே பயன்படும். டேபிளோடு பிடிக்கும் ஓட்டைகளும் பத்துப் பன்னிரண்டு மரை ஓட்டைகளும் போதும். மீதியை ஜாப் கேட்கும்போது, அது கேட்கும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். சும்மா இருக்கும் ஓட்டையில் கிரப் ஸ்க்ரூவைத் திருகி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட வேண்டும்.

டேபிளோடு பிடிக்கும் போல்ட்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. எம்8 ஆலன் போல்ட்டின் தலை 13 மில்லி விட்டம், 8 மில்லி உயரம். அதற்கு 10 மில்லி ஆழத்தில் கௌண்டர்போர் எடுத்தால் 20 மில்லி பிளேட்டில் கீழே 10 மில்லி மிஞ்சும். போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் டி-நட்டைத் தாண்டிப் போய் ஸ்லாட்டின் அடியில் முட்டும். அதற்குப் பிறகும் ஆலன் கீயைத் திருப்பினால் போல்ட் ஜாக்கியாக மாறி, நட்டை மேலே தூக்கும். டேபிளின் வார்ப்பிரும்பு உதடு கீழிருந்து நெம்பப்பட்டு, ஒரு துண்டு பெயர்ந்து வரும். நல்ல டி-நட்டுகளில் கடைசி மரையை வேண்டுமென்றே நசுக்கி வைத்திருப்பார்கள், போல்ட் அதைத் தாண்டாமல் இருக்க. அந்த இடத்தில் இறுகுகிறதே என்று டேப் விட்டுச் சுத்தம் செய்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

இனி மேற்பரப்பு. டேபிளில் மேடு தட்டுகிறதா என்று ஆயில் ஸ்டோனால் உரசிப் பார்க்க வேண்டும். பிளேட்டை வெறுமனே வைத்து நாலு மூலையிலும் விரலால் அழுத்தினால் ஆடக்கூடாது. ஆடுகிற தகட்டை போல்ட் போட்டு இழுத்து உட்காரவைத்துச் சீவினால், கழற்றியதும் பழைய வளைவு திரும்பிவிடும். ஸ்பிண்டில் நேராக நிற்கிறதா என்றும் டயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 100 மில்லிக்கு 0.05 சாய்வு இருந்து, 50 மில்லி ஃப்ளை கட்டரைச் சாய்வின் திசையிலேயே ஓட்டினால், நடுவில் 12 மைக்ரானுக்கு மேல் பள்ளம் விழும். ஹெட்டைச் சரிசெய்த பிறகு, மண்ணெண்ணெய் தடவி ஒரு தடவைக்கு 0.1 மில்லி வீதம் எடுத்தால் அலுமினியம் கண்ணாடி மாதிரி வரும். கையோடு நீள விளிம்பு ஒன்றையும் எண்டுமில்லால் லேசாக ஓட்டிவிடு. அந்த விளிம்பு மெஷினின் X அச்சுக்கு இணையாகிவிடும். அடுத்த முறை பிளேட்டை ஏற்றும்போது டயலை அதில் ஓட்டினாலே செட்டிங் முடிந்தது.

வேலை ஏற ஏற மேற்பரப்பில் வெட்டுக்காயம் விழத்தான் செய்யும். ட்ரில் இறங்கிய குழி, எண்டுமில் கிழித்த கோடு எல்லாம் வரும். அதற்காகப் பிளேட்டைப் பூஜை அறையில் வைக்க முடியாது. பின், புஷ், கிரப் ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 0.2 மில்லி சீவினால் புதிதாகிவிடும். கௌண்டர்போரை 10 மில்லி ஆழம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: போல்ட் தலைக்கு மேல் 2 மில்லி மிச்சம் இருக்கும், எட்டொன்பது முறை சீவலாம். அதற்கப்புறம் கௌண்டர்போரைக் கொஞ்சம் ஆழப்படுத்த வேண்டியிருக்கும். அப்போது போல்ட்டையும் அதே அளவு குட்டையாக்க மறக்காதே. இல்லாவிட்டால் அது மறுபடி ஸ்லாட்டின் அடியைத் தேடிப் போகும்.