மோட்டார் "எரிந்துபோதல்": பொருளும் காப்பும்

1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், கோயமுத்தூர் ஜில்லாவின் கிணறுகளுக்கு மின்சாரம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கமலை இறைத்த இடத்தில் மோட்டார் அமர்ந்தது. அதனுடன் "மோட்டார் எரிந்துபோயிற்று" என்னும் துயரச் சொல்லும் கிராமங்களில் வழங்கலாயிற்று. பொதுக் கிணறும் மோட்டாரும் உடைய சங்கத்தின் அங்கத்தினர் யாவரும் இச்சொல்லின் பொருளை அறிதல் அவசியம்.

எரிந்துபோதல் என்பது தீப்பற்றிச் சாம்பலாதல் அன்று. மோட்டாரினுள் செம்புக்கம்பிச் சுருள்கள் உள. கம்பியின்மேல் பூசப்பட்ட மெல்லிய பூச்சே ஒரு சுற்றை மற்றொன்றினின்று பிரித்துக் காக்கிறது. அளவு மிஞ்சிய வெப்பத்தால் அப்பூச்சு கருகினால், சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் குறுக்கே பாயும், சுருள் கெடும். செம்பு உருகுமுன்னரே பூச்சு அழிந்துவிடுகிறது.

மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே ஓட்டத்தை மிகுவிப்பன யாவும் மோட்டாருக்குப் பகையே. அவற்றுள் முக்கியமானவை மூன்று:

1. மூன்று பேஸ்களில் ஒன்று அறுந்துபோதல். முழுப் பளுவுடன் ஓடும் மோட்டார் நிற்காது ஓடினாலும், எஞ்சிய கம்பிகளில் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். அச்சுருள்களில் வெப்பம் மும்மடங்காகும்.
2. வோல்டேஜ் மிகக் குறைதல்.
3. பம்பு இறுகிச் சுழலாதிருத்தல்.

பியூஸ் இருக்கப் பயம் ஏன் எனச் சிலர் வினவுவர். மோட்டார் புறப்படும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனைத் தாங்குமாறு பியூஸ் சற்றுப் பெரிதாகவே இடப்படுகிறது. அது கம்பிகளைக் காக்கும்; சுருளைக் காக்கும் பொறுப்பு ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயினுடையது. மோட்டாரின் பெயர்த் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியர் அளவுக்கு அது பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். ரிலேயைக் கட்டிவைப்பதும், பியூஸில் தடித்த செம்புக்கம்பி இடுவதும், காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

பூச்சு கருகியபின் மோட்டாரின் இரும்புக் கூட்டிலும் மின்சாரம் ஏறலாம். எர்த்துக் கம்பி செவ்வையாக இல்லையேல், தொட்டவர் உயிரே போகும்.

எரிந்த மோட்டாருக்குச் சுருள் மாற்றிக் கட்டுமுன் எரிந்த காரணத்தைக் கண்டு நீக்குக. இன்றேல் புதுச் சுருளும் எரியும், பணமும் போகும், தண்ணீரின்றிப் பயிரும் வாடும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. நம் மோட்டாரின் தகட்டிலுள்ள ஆம்பியர் எவ்வளவு? ரிலே அவ்வளவிற்கு உள்ளதா?
2. பியூஸில் இருப்பது உரிய கம்பிதானா?
3. எர்த்துக் கம்பியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?