கட்டி கரைக்கும் ஊசியும் மதுரைக்கு விரையும் வண்டியும்

மாரடைப்பு கண்டவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து உயிர் போய்விடும், எனவே அதை மறுத்துவிட்டு நேரே மதுரைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம் என்ற பேச்சு, விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் அடங்குவதாயில்லை.

இதயத் தமனி கட்டியால் முழுதும் அடைபட்டால், அதை நம்பியுள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிகிறது. டெனெக்டெபிளேஸ், ஆல்டெபிளேஸ் ஆகியன, ரத்தத்தில் செயலற்றுக் கிடக்கும் பிளாஸ்மினோஜன் என்னும் புரதத்தைக் கட்டியின் இழைகளை அறுக்கும் பிளாஸ்மினாக மாற்றும் நொதிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் தானே நொதியன்று எனினும், பிளாஸ்மினோஜனோடு பிணைந்து அதே வேலையைச் செய்கிறது. 1986இல் வெளியான இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வில், 11,806 நோயாளிகளுள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெறாதோரில் 13 விழுக்காட்டினரும், பெற்றோரில் 10.7 விழுக்காட்டினரும் 21 நாட்களுக்குள் இறந்தனர். ரத்தக்கசிவால் இறந்தோரையும் சேர்த்த கணக்கு இது. வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றோரிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மூளைக் கசிவு கற்பனையன்று. ஆனால் அது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நேர்வது. அதைச் சொல்லி அஞ்சவைப்போர், ஊசி மறுக்கப்பட்டதால் வழியிலேயே இறந்தோரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நோய் உறுதியான 120 நிமிடங்களுக்குள் அடைப்பைப் பலூனால் திறக்க முடிந்தால் அதுவே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நேரம் மதுரை எல்லையைத் தொடுவதோடு முடிவதன்று, பலூன் தமனிக்குள் விரியும்போதுதான் முடிகிறது. அதற்குள் முடியாதென்றால் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்த பின் ஓராண்டு மரணம் 17.6இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

இந்த ஊசி எல்லோருக்கும் உரியதன்று. எப்போதேனும் மூளையில் ரத்தம் கசிந்தவர், அண்மையில் பக்கவாதமோ பெரிய அறுவை சிகிச்சையோ கண்டவர், வெடி விபத்தில் தலையில் அடிபட்டவர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி என்பதால், உறவினர் இவற்றை மறைக்கலாகாது. ஈசிஜி கண்காணிப்பும் ரத்த அழுத்தக் கவனிப்பும் உள்ள இடத்தில் மட்டுமே இது செலுத்தப்படும். டெனெக்டெபிளேஸ் சில நொடிகளில் நரம்பில் செலுத்தப்படுவது, ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் அலகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சொட்டாக இறங்குவது.

ஊசி போட்டால் ஆஞ்சியோ வேண்டாம் என்பது தவறு. ஸ்ட்ரெப்டோகைனேஸை மறுபடி போடலாம் என்பதும் தவறு, அதற்கு எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகிவிடும். நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பென்று சோடா குடித்துத் தள்ளிப்போடுவதும், மருந்துக்கடையில் இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொள்வதும் அறியாமை. கட்டி கரைக்கும் மருந்து பின்னர் ஏறும்போது அந்த ஊசித்துளையிலேயே ரத்தம் கசியும்.

நோயாளியின் முன்வரலாறு அவசரத்தில் மருத்துவருக்குத் தெரிய, இவ்வட்டாரப் பட்டாசு ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முந்தைய தலைக்காயம், பக்கவாதம், முன்பு பெற்ற கரைப்பு மருந்தின் பெயர், பழைய ஈசிஜியின் நகல் ஆகியவை அடங்கிய அட்டையொன்றை வழங்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் எழுத்தரும் ஒரு நகல் இயந்திரமும் போதும்.